மெல்லிய காற்றும் அகன்ற பலகையும்

டோம்பிவிலியிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று வரைந்துள்ளார். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். இருவரும் வேலைக்குச் செல்கிறவர்கள். சென்ற இரண்டு ஆண்டுகளாகக் கோடை விடுமுறைக்குப் பரமக்குடிப் பக்கத்துச் சொந்த ஊருக்குச் சென்றபோதெல்லாம், இராமேசுவரம் கடற்கரையில் பட்டப் பலகைச் சவாரி பழகி வந்திருக்கிறார்கள். வானில் பெரிய பட்டம் ஒன்றை ஏற்றி, அதன் கயிறுகளை இடுப்புக் கச்சையில் மாட்டிக்கொண்டு, காலடியில் ஒரு பலகையுடன் நீரின்மேல் வழுக்கிச் செல்லும் விளையாட்டு அது. கைட்போர்டிங் என்று இளைஞர்கள் சொல்வது இதனையே. இப்பொழுது அண்ணனும் தங்கையும் கூட்டாக ஒரு பலகை வாங்கி, விடுமுறை நாட்களில் கோவாவின் வடகரைக்குச் சென்று ஆட விரும்புகிறார்கள். 136 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள பழைய பலகை ஒன்றை ஒருவர் விற்க முன்வந்திருக்கிறார். “எந்தக் காற்றுக்கும் ஓடும்” என்று உறுதியும் கூறியிருக்கிறார். மகனின் எடை 84 கிலோ, மகளின் எடை 58 கிலோ. “ஒரு மாதச் சம்பளம் போகிறது ஐயா, பணத்தைக் கடலில் போட்ட கதை ஆகிவிடாதா? பிள்ளைகளின் தாயாருக்கு வேறு அச்சம்” என்று அன்பர் வினவியிருக்கிறார்.

விளையாட்டைத் தடுக்கும்படி நாம் எழுதுவோம் என்று அவர் எதிர்பார்த்திருப்பாரானால், அவரை ஏமாற்ற நேர்கிறது. நமக்கும் இதில் சில பருவங்களின் பழக்கம் உண்டு. ரயில்வே எழுத்தரின் விடுப்புக் கணக்கு இடம் கொடுத்த அளவுக்கு அக்கரையில் நின்றிருக்கிறோம். ஆடட்டும். ஆனால் அந்த 136 செ.மீ. பலகையை மட்டும் வாங்க வேண்டாம். அது நல்ல பலகையாகவே இருக்கலாம். இராமேசுவரத்துக்கு ஏற்ற பலகையாகவும் இருக்கலாம். கொங்கணக் கரையின் காற்றுக்கு அது ஏற்றதன்று.

பழகிய இடத்தின் காற்று வேறு, ஆடப்போகும் இடத்தின் காற்று வேறு என்பதை முதலில் உணர்தல் வேண்டும். இராமேசுவரம் தீவில் மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து தடையின்றி அடிக்கும். குளிர்காலத்தில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். இருபுறமும் கடல் சூழ்ந்த மணல்நாக்கு ஆதலின், காற்றை மறிக்க அங்கே மலையும் இல்லை, மாடமும் இல்லை. கச்சான் பருவத்தில் மணிக்கு 15 கடல் மைலும் அதற்கு மேலும் வீசுவது அங்கே வழக்கமான செய்தி. (ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், இவ்விளையாட்டில் காற்றை அளப்பது இம்மைலால்தான்.) அத்தகைய காற்றில் 136 செ.மீ. பலகை துள்ளி ஓடும்.

கோவாவின் வடகரையில், மோர்ஜிம், அஷ்வேம், ஹர்மல் முதலிய இடங்களில் நிலைமை வேறு. அங்கே பட்டச் சவாரிக்கு உதவுவது பருவக் காற்று அன்று, கடற்காற்று. சூரியன் ஏற ஏற நிலம் விரைந்து சூடேறுகிறது. கடல் அவ்வளவு விரைவில் சூடாவதில்லை. நிலத்தின்மேல் உள்ள காற்று இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று கரைநோக்கி வருகிறது. ஆகவே சனவரிக்குப் பின், மே வரையில், நண்பகல் கழிந்து மேற்கு அல்லது வடமேற்கிலிருந்து எழும் இக்காற்று, மாலை சாயும்வரை வீசிப் பின் அடங்கிவிடும். பெரும்பாலான நாட்களில் இதன் வேகம் 8 முதல் 14 கடல் மைலுக்குள் அடங்கும். சில நாள் மிகும். அதனை நம்பிப் பலகை வாங்குதல் கூடாது. சூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிய பின்னரோ, காற்று மிகுந்திருந்தாலும் கடல் கொந்தளித்திருக்கும். செப்டம்பர் வரை அக்கரையில் இறங்குவதையே மறந்துவிடல் நலம்.

15-க்கும் 10-க்கும் உள்ள வேறுபாடு சிறிதுதானே என்று தோன்றலாம். அங்கேதான் கணக்கு இடறுகிறது. காற்றின் விசை அதன் வேகத்தைப் போல் வளர்வதில்லை. வேகத்தின் வர்க்கத்தைப் போல் வளர்கிறது. வேகம் பாதியானால் விசை நாலில் ஒரு பங்கு ஆகும். 18 கடல் மைல் காற்றில் உள்ள விசையோடு ஒப்பிட்டால், 12 கடல் மைல் காற்றில் பாதியும் தேறாது. ஒன்பதில் நான்கு பங்கே தேறும். பள்ளியிறுதி வகுப்புக் கணக்குத்தான் இது. வேறு கல்வி வேண்டியதில்லை.

இங்கே விற்பனையாளர் குறுக்கிட்டு, “அப்படியானால் பெரிய பட்டமாக வாங்கிக்கொள்ளுங்கள்” என்பார். அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 18 கடல் மைல் காற்றில் தங்கைக்கு 9 சதுர மீட்டர்ப் பட்டம் போதுமானதாக இருந்தது என்று கொள்வோம். 12 கடல் மைல் காற்றில் அதே விசையைப் பெற 20 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். 12 சதுர மீட்டர்ப் பட்டத்தில் ஆடிய அண்ணனுக்கோ 27 சதுர மீட்டர்! காற்றடைத்து ஏற்றும் பட்டங்களில் 17, 18 சதுர மீட்டருக்கு மேற்பட்டவை கடைகளில் அரிது. பட்டத்தை வானில் எட்டு என்னும் எண்ணைப் போல ஓயாது சுழற்றிச் சிறிது விசையைக் கூட்டலாம் என்பது உண்மையே. ஆனால் மிகப் பெரிய பட்டம் சோம்பேறி. திருப்பினால் உடனே திரும்பாது. அதன் முன்விளிம்பில் உள்ள காற்றுக்குழாய் பருத்து எடை மிகுந்திருக்கும். காற்று ஒரு நொடி தளர்ந்தால் கடலில் வந்து படுத்துவிடும். மெல்லிய காற்றில் மீண்டும் எழ மறுக்கும். பிரெஞ்சு நாட்டு இலெகனூ சகோதரர்கள் 1984-ஆம் ஆண்டு காற்றடைத்த பட்டத்துக்குக் காப்புரிமை கோரியபோது அவர்கள் தீர்க்க முயன்ற சிக்கலே இதுதான்: நீரில் விழுந்த பட்டம் நீரிலிருந்தே எழ வேண்டும். எழவும் செய்கிறது, ஆனால் எழுப்புவதற்குக் காற்று வேண்டுமே!

ஆகவே பட்டத்தை ஓரளவுக்குத்தான் பெருக்க முடியும். மீதியைப் பலகைதான் ஈடுசெய்தல் வேண்டும்.

நம் பக்கத்து வாசகர்கள் கர்ஜத்து நிலையத்தில் புனே செல்லும் வண்டிகளைப் பார்த்திருப்பார்கள். அங்கிருந்து லோணாவளா வரை மலையேற்றம். 37 அடிக்கு ஓர் அடி ஏறுகிற செங்குத்து. ஆதலால் வண்டியின் பின்புறம் கூடுதல் எஞ்சின்களைப் பூட்டித் தள்ளி ஏற்றுகிறார்கள். பெரிய பட்டம் வாங்குவது பின்னால் எஞ்சின் பூட்டுவதைப் போன்றது. அகன்ற பலகை வாங்குவதோ, அந்த மலையின் சரிவையே சிறிது குறைத்துவிடுவதைப் போன்றது. இரண்டில் எது சிக்கனம் என்று எந்தப் போக்குவரத்துப் பகுதி அதிகாரியைக் கேட்டாலும் சொல்லுவார்.

பலகை எவ்வாறு இவ்வுதவியைச் செய்கிறது? நிற்கும் மனிதனைப் பலகை தாங்குவதில்லை; இவ்வகைப் பலகைகள் படகைப் போல மிதந்து சுமப்பன அல்ல. நீரின்மேல் ஒரு குறிப்பிட்ட வேகத்தை அடைந்த பின்னரே பலகை நீரை அழுத்தி மேலெழுந்து வழுக்கத் தொடங்குகிறது. பரப்பு மிகுந்த பலகைக்கு அந்த வேகம் குறைவாக இருந்தாலே போதும். சிறிய பலகையில் நிற்பவன் இடுப்பளவு நீரைத் தள்ளிக்கொண்டு உழவு மாடுபோல் இழுபடும் அதே காற்றில், பெரிய பலகையில் நிற்பவள் வழுக்கிப் போய்விடுவாள்.

இதில் மற்றோர் இலாபமும் உண்டு. நின்றிருக்கும் வண்டியின் சன்னலில் இலை அசையாத வேளையிலும், வண்டி ஓடத் தொடங்கியதும் முகத்தில் காற்று அடிக்கிறதல்லவா? அதைப் போலவே, பலகை ஓடத் தொடங்கினால் பட்டமும் உடன் ஓடும். அந்த ஓட்டமே அதற்குப் புதுக்காற்றைத் தரும். 10 கடல் மைல் காற்றில் ஓடுகிற பட்டம் அதனினும் மிகுந்த காற்றை உணரும். ஓட்டம் நின்றால் அந்த வருமானமும் நின்றுவிடும். மெல்லிய காற்றில் ஆடுவோருக்குப் பலகையின் வழுக்கல் அத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதுவே காரணம். பட்டத்தை இழுக்கும் ஆற்றலின் ஒரு பகுதியைப் பலகையே சம்பாதித்துக் கொடுக்கிறது.

இனி அளவுகளைப் பார்ப்போம். இருபுறமும் ஒத்த வடிவுடைய, எந்தப் பக்கமும் ஓட்டக்கூடிய பலகையை ட்வின் டிப் என்பர். அன்பரின் பிள்ளைகள் பழகியதும் அதுவே. நடுத்தரக் காற்றுக்கு 134 முதல் 140 செ.மீ. நீளமும் 40, 41, 42 செ.மீ. அகலமும் உள்ளவை செல்லும். மெல்லிய காற்றுக்கென்று செய்யப்படுபவை 145-இல் தொடங்கி 160-ஐத் தாண்டியும் செல்கின்றன. அகலம் 43-இலிருந்து 48 வரை இருக்கும். மிகப் பெரியவற்றைக் “கதவு” என்றே விளையாட்டுக்காரர்கள் கேலியாக அழைப்பர். ஃப்ளைசர்ஃபர் என்ற ஜெர்மானியக் கம்பெனி அக்கேலியையே பெயராக்கி, ஃப்ளைடோர் என்று ஒரு பலகையை விற்று வருகிறது.

நீளத்தைக் கண்டு மயங்க வேண்டாம், அகலத்தைப் பாருங்கள். நீளத்தை மட்டும் கூட்டினால் திருப்புவது கடினமாகும்; அகலம் கூடினால் பரப்பு உடனே கூடும். 136-ஐ 40-ஆல் பெருக்கினால் 5440. 150-ஐ 45-ஆல் பெருக்கினால் 6750. மூலைகள் வளைந்திருப்பதால் உண்மையான பரப்பு இரண்டிலும் இதைவிடக் குறையும். எனினும் ஒன்றோடொன்று ஒப்பிட இப்பெருக்கல் போதும். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிகுதி! அப்பங்குதான் இவ்வளவு பேச்சுக்கும் பொருள்.

அகலத்துக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது, பலகையின் முனைகள் எவ்வளவு மேல்நோக்கி வளைந்துள்ளன என்பது. ராக்கர் என்று இவ்வளைவைக் குறிப்பிடுவர். வளைவு மிகுந்த பலகை அலையில் மூக்கைக் குத்தாது, குதித்து இறங்கும்போது முழங்காலுக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் அது ஓடும்போது முன்னால் உள்ள நீரைத் தள்ளிக்கொண்டே போகும், வேகம் தேறாது. மெல்லிய காற்றுக்குத் தட்டையான பலகையே வேண்டும். கடைக்காரரின் பேச்சை நம்பாமல் நாமே சோதிக்கலாம். அடியில் உள்ள ஃபின் என்னும் சிறு துடுப்புகளைக் கழற்றிவிட்டு, பலகையைச் சமமான தரையில் அடிப்புறம் கீழாக வைத்து, நடுவை ஒருவர் அழுத்திக்கொள்ள, மற்றவர் இரு முனைகளும் தரையிலிருந்து எழும்பி நிற்கும் உயரத்தை அளக்கட்டும். இரண்டு, மூன்று செ.மீ. அளவில் இருந்தால் மெல்லிய காற்றுக்கு இசைந்தது. நாலரை, ஐந்து என்றால் அது குதிப்போருக்காகச் செய்தது, திருப்பிக் கொடுத்துவிடலாம்.

முனைகள் கூராமல் சதுரமாக இருப்பது நலம். நீரைக் கவ்வும் விளிம்பு நீளும். ஃபின்கள் சற்று உயரமானவையாக, 5 செ.மீ. அளவில் இருந்தால், பக்கவாட்டில் சறுக்காமல் காக்கும். எடை குறைந்திருந்தால் நன்று. பலகையின் மேல் தீட்டியுள்ள ஓவியத்துக்கு எந்தப் பயனும் இல்லை. ஆனால் விலையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்று நாம் ஐயுறுகிறோம்.

அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே பலகை என்பதுதான் இக்கடிதத்தின் முடிச்சு. இருவருக்கும் 26 கிலோ வேறுபாடு. நடுவாக 140 செ.மீ. வாங்கிவிடலாம் என்று குடும்பத்தில் சமரசம் பேசுவார்கள். அச்சமரசம் வேண்டாம். 140 செ.மீ. பலகையில் 84 கிலோ எடையுள்ள அண்ணன் கொங்கணத்துப் பிற்பகல்களில் பெரும்பகுதியைக் கரையில் உட்கார்ந்தே கழிப்பார். தங்கை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். 150-க்கு 45 அளவில் வாங்கினால், தங்கை 12 சதுர மீட்டர்ப் பட்டத்துடனும், அண்ணன் 15 அல்லது 17 சதுர மீட்டர்ப் பட்டத்துடனும், நீரில் வெண்ணுரை பரவலாகத் தெரியத் தொடங்கும் 11, 12 கடல் மைல் அளவிலேயே புறப்பட முடியும். தங்கை இன்னும் சிறிது முன்னதாகவே புறப்படுவாள். அவளுக்கு அப்பலகை சற்றுப் பெரிதுதான். காற்று 16-ஐத் தாண்டினால் அகன்ற பலகை நீரில் தடதடத்து, அவள் எடைக்கு அடங்க மறுக்கும். கால்களை அகட்டி நிற்க நேர்வதால் முழங்கால் வலிக்கும். அத்தகைய நாளில் அவள் பள்ளிக்காரர்களிடம் சிறு பலகை வாடகைக்குப் பெற்றுக்கொள்ளலாம். மெல்லிய காற்று நாட்களே அங்கு பெரும்பான்மை ஆதலின், பெரும்பான்மைக்கு ஏற்பச் சொந்தப் பொருளும், சிறுபான்மைக்கு வாடகைப் பொருளும் என்று வகுத்துக்கொள்வது நடுத்தரக் குடும்பத்துக்கு உகந்தது.

ஒரு யோசனையும் கூறுவோம். பழகுநர்களுக்குப் பயிற்சிப் பள்ளிகள் கொடுக்கும் பலகைகள் பெரியவை, அகன்றவை. எளிதில் நீரின்மேல் எழுவதற்காகவே அவ்வாறு கொடுக்கிறார்கள். பழகி முடித்ததும் இளைஞர்கள் அப்பலகையை ஏதோ நடைவண்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, சிறிய பலகைக்கு மாறுவதையே தேர்ச்சியின் அடையாளமாகக் கருதுகிறார்கள். உண்மையில் அந்தப் பழகுநர் பலகைக்கும் மெல்லிய காற்றுப் பலகைக்கும் உறவு மிக நெருக்கம். பருவ முடிவில் பள்ளிகள் பழைய பலகைகளைக் கழித்துவிடுவதுண்டு. தட்டையாக இருக்கிறதா என்று மேற்கூறியவாறு அளந்து பார்த்து, அவற்றுள் ஒன்றை வாங்கினால் ஒரு மாதச் சம்பளம் முழுவதும் போகாது. மற்றவர்கள் சிரிப்பார்களே என்று மகன் தயங்கினால், சிரிப்பவர்கள் மணலில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருக்க, இவன் நீரில் இருப்பான் என்று அன்பர் எடுத்துச் சொல்லலாம்.

பழைய பலகை வாங்குவோர், கால்வார் பூட்டும் திருகுத் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தால் பலகை முழுவதும் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், உள்ளே நீர் புகுந்து அடுக்கு பிரிந்த இடத்தில் ஓசை மங்கிக் கேட்கும். திருகுகளைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதும் அவசியம்; உப்புநீரில் துருப்பிடித்து இறுகிய திருகு பின்னர் வராது.

இப்பொழுது பலரும் பேசும் ஹைட்ரோஃபாயில் பற்றி ஒரு சொல். பலகையின் அடியில் ஒரு கம்பமும் அதன் முனையில் விமான இறக்கை போன்ற சிறகும் பொருத்தியது அது. ஓடத் தொடங்கினால் சிறகு பலகையையே நீருக்கு மேலே தூக்கிவிடும். நீரின் இழுவை மிகக் குறைந்துவிடும். ட்வின் டிப் அசையாத காற்றிலும் ஓடும். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கின் பட்டச் சவாரிப் போட்டி மார்செய் துறைமுகத்தில் நடந்தபோது, காற்று மெலிந்து ஓட்டங்கள் தள்ளித்தள்ளிப் போயின. அத்தகைய காற்றிலும் இப்பலகைகளில்தான் போட்டியிட்டார்கள். பிரிட்டனைச் சேர்ந்த எல்லி ஆல்ட்ரிட்ஜ், ஆஸ்திரியாவைச் சேர்ந்த வாலண்டின் பொன்டுஸ் ஆகியோர் பொற்பதக்கம் பெற்றார்கள். பார்க்க அழகுதான். ஆயினும் நம் அன்பரின் பிள்ளைகளுக்கு இப்பொழுது அது வேண்டாம் என்பது நம் கருத்து. கம்பம் ஒரு மீட்டருக்குச் சற்று முன்பின் நீளமுள்ளது ஆதலின் ஆழமான நீர் வேண்டும். சிறகின் விளிம்பு கூரியது. விழுகிறவரையும் நீந்துகிறவரையும் காயப்படுத்தும். கோவாவின் கரையில் மீனவர்கள் ராம்பண் என்னும் கரைவலையை வளைத்துப் போட்டு இழுப்பார்கள். அதில் அக்கம்பம் சிக்கினால் அவர்களுக்கும் நட்டம், நமக்கும் ஆபத்து. புதிதாகப் பழகவும் பல நாட்கள் ஆகும். விலையோ பலமடங்கு. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கொண்டு செல்லும் வழி நம் தொழிலோடு சேர்ந்தது. அதனைச் சொல்லாமல் விட முடியவில்லை. பெட்டிக்குள் பிரயாணி தம்முடன் எடுத்துச் செல்லும் பெட்டி, பேழைகளுக்கு ரயில்வே வகுத்த அளவு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். குளிர்பதன மூன்றடுக்குப் பெட்டியில் இன்னும் குறைவு. 150 செ.மீ. பலகை எவ்வகையிலும் இதற்குள் அடங்காது. எடை இலவச அளவுக்குள் இருக்கிறதே என்று வாதிடுவதில் பயனில்லை. எடை வேறு, அளவு வேறு. வண்டி புறப்படுவதற்கு அரைமணி நேரத்துக்குக் குறையாமல் முன்னதாக லக்கேஜ் ஆபீசுக்குச் சென்று, பிரேக் வேனில் பதிவு செய்தல் வேண்டும். தடித்த உறையில் இட்டு, பெயரும் முகவரியும் எழுதி, பொருளின் மதிப்பைக் குறிப்பிட்டு அதற்குரிய கட்டணத்தையும் செலுத்தினால், சேதம் நேர்ந்தால் கேட்க வழியுண்டு. மதிப்பைக் குறிப்பிடாமல் விட்டவர் பின்னர் பெறக்கூடிய ஈடு மிகச் சொற்பம். நடுவில் இரண்டாகப் பிரித்துச் சேர்க்கும் பலகைகளும் விற்கின்றன. நோபிலே என்ற போலந்துக் கம்பெனி இதில் பெயர் பெற்றது. பாதி நீளம் 75, 80 செ.மீ. ஆவதால் பெட்டிக்குள்ளேயே செல்லும். எடையும் விலையும் சற்று மிகும். ஆண்டுக்குப் பத்து முறை செல்வோருக்கு அது நட்டமன்று. வடகோவாவுக்குக் கொங்கண் ரயில்வேயில் பெர்ணேமும் திவிமும் அணுக்க நிலையங்கள். விரைவு வண்டிகள் எல்லாம் பெர்ணேமில் நிற்பதில்லை என்பதைப் பார்த்து முன்பதிவு செய்க. சொந்த ஊருக்கு எடுத்துச் செல்வதானால், 2022 டிசம்பரில் நின்றுபோன பாம்பன் கடல் வழி ரயில் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்ட பின் மீண்டும் இராமேசுவரம் வரை செல்கிறது. ஆனால் அங்கு கச்சானில் ஆட அகன்ற பலகையைச் சுமந்து செல்வது வீண் வேலை.

தாயாரின் அச்சத்துக்கு வருவோம். அவ்வம்மையார் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் பலத்த காற்றுக்கு அஞ்சுகிறார் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. மெல்லிய காற்றுக்கும் தனியே ஓர் ஆபத்து உண்டு. அது ஆளைத் தூக்கி எறிவதில்லை, நடுவழியில் கைவிட்டுவிடும். சிறு பலகையுடன் புறப்பட்டவர் காற்று வரும் திசைநோக்கி ஏற முடியாமல் ஒவ்வோர் ஓட்டத்திலும் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே போவார். காற்று கரைநோக்கி வீசும் பிற்பகலில் இது பெரிய தீங்கன்று. ஒரு மைல் தள்ளிக் கரையேறி, பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வர வேண்டியிருக்கும். காற்று கடல்நோக்கி வீசும் வேளையில் இறங்கினால் அந்நடையும் வாய்க்காது. கொங்கணத்தில் அதிகாலை முதல் முற்பகல் வரை நிலக்காற்று கிழக்கிலிருந்து கடலைநோக்கிச் செல்லும். நீர் கண்ணாடிபோல் இருக்கும், காற்று இனிதாக இருக்கும். அப்பொழுது பட்டம் ஏற்றவே கூடாது. மாலையிலும் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கரையேறிவிட வேண்டும். கடற்காற்று அடங்கும்போது சொல்லிக்கொண்டு அடங்குவதில்லை.

அகன்ற பலகையை நாம் இத்துணை வற்புறுத்துவதற்குப் பணமும் விளையாட்டும் மட்டும் காரணமல்ல. காற்றை எதிர்த்துச் சரிவாக ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் திறன் மெல்லிய காற்றில் பலகையின் பரப்பைப் பொறுத்தே அமைகிறது. ஏறும் முறையும் வலிந்து செய்யத்தக்கதன்று. முதலில் பலகையைக் காற்றின் போக்கில் சற்று இறங்கவிட்டு வேகம் தேடிக்கொண்டு, பின்னர் மெல்ல மெல்ல விளிம்பை அழுத்தித் திசை மாற்ற வேண்டும். வேகம் வருமுன் குதிகாலை ஊன்றினால் பலகை நின்றுவிடும், பட்டமும் தளரும்.

அவ்வம்மையார் பிள்ளைகளிடம் வாக்குறுதி பெற விரும்பினால், நாம் சொல்லக்கூடியவை இவை. நீந்திக் கரைசேரக்கூடிய தூரத்துக்கு அப்பால் போகாமலிருத்தல். ஒருவர் நீரில் இருக்கும்போது மற்றவர் கரையில் இருத்தல். ஒரே பலகை ஆதலின் இது தானே நடந்துவிடும், இச்சிக்கனத்தின் உபகாரம் அது. மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் அணிதல். பட்டத்தை ஒரு நொடியில் விடுவிக்கும் கொக்கியை ஒவ்வொரு முறையும் கரையிலேயே இழுத்துப் பார்த்தல். பட்டம் விழுந்து எழாமற்போனால், கயிறுகளைச் சுற்றிக்கொண்டு பட்டத்தை அடைந்து, காற்றடைத்த அதனையே மிதவையாகப் பற்றிக் கரைசேரும் முறையை இடுப்பளவு நீரில் பலமுறை பழகுதல். மோர்ஜிம் கரையில் கடலாமைகள் முட்டையிடும் பகுதிகளை வனத்துறையினர் வேலியிட்டுக் காக்கிறார்கள். அவ்வேலியருகே கயிறு விரிக்காதிருத்தல்.

ஆகவே டோம்பிவிலி அன்பர் 136 செ.மீ. பலகைக்கு முன்பணம் கொடுக்காமலிருப்பாராக. 148-க்கும் 154-க்கும் இடைப்பட்ட நீளம், 44 அல்லது 45 அகலம், தட்டையான அடி என்று தேடச் சொல்லட்டும். கண்ணில் பட்ட பலகையின் நீளம், அகலம், தரையிலிருந்து முனை எழும்பும் உயரம் ஆகிய மூன்றையும் அளந்து, கேட்கும் விலையையும் குறித்து, சங்கத்து முகவரிக்கு எழுதினால், அடுத்த இதழுக்குக் காத்திராமல் உடனே விடை அனுப்புவோம்.